காற்றை மறந்த கணக்கு

மதுரை மேற்கும் மதுரை மத்தியும் அடுத்தடுத்த சட்டமன்றத் தொகுதிகள். தேர்தல் சமயத்தில் காளவாசல் சந்திப்பில் சற்று நேரம் நின்றால் போதும், பிரசார வண்டிகள் மேம்பாலத்துக்கு அடியில் ஒன்றின் பாட்டை ஒன்று அமுக்கிக்கொண்டு போவதைக் கேட்கலாம். 2016இலும் 2021இலும் மத்தியில் ஜெயித்தவர் பழனிவேல் தியாகராஜன். திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் வேதிப் பொறியியல் படித்தவர். அமெரிக்காவில் முனைவர் பட்டமும் எம்.ஐ.டி.யில் மேலாண்மைப் பட்டமும் பெற்றவர். 2023இல் தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சரானவர். அதே இரண்டு தேர்தல்களிலும் மேற்கில் ஜெயித்தவர் செல்லூர் கே. ராஜு. வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டவர் என்று நாடே அறிந்தவர்.

தெர்மாகோல் விவகாரம் நடந்தது 2017இல். அதற்கு முன்பும் ஜெயித்தார், பின்பும் ஜெயித்தார். வேட்பாளருக்கு அறிவியல் தெரிகிறதா என்று பார்த்து மதுரைக்காரர்கள் பொத்தானை அமுக்குவதில்லை என்பது இந்த இரண்டு தொகுதிகளிலேயே தெரிந்துவிடுகிறது. ஓட்டுக்கு வேறு கணக்குகள் உண்டு: கூட்டணி, சின்னம், சாதி, வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் வருகிறாரா என்பது. இதில் குறைப்பட ஒன்றுமில்லை. மக்கள் பிரதிநிதியைத்தான் தேடுகிறார்கள், பேராசிரியரை அல்ல.

அப்படியானால் வேட்பாளரின் தொழில்நுட்ப அறிவால் யாருக்கு என்ன? நம் ஊரில் வேட்பாளர்கள் ஒரே மேடையில் நேருக்கு நேர் நின்று வாதாடும் வழக்கம் இல்லை. விவாதமெல்லாம் திறந்த ஜீப்பின் மைக்கிலும், தொலைக்காட்சியிலும், வாட்ஸ்அப் குழுவிலும், டீக்கடை பெஞ்சிலும்தான். வேட்புமனுவோடு தரும் 26ஆம் எண் படிவத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். ஓர் ஏரியில் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஆவியாகும் என்று தெரியுமா என்ற கட்டம் அதில் கிடையாது. ஆனால் எந்தக் கேள்வி மைக்கைப் பிடிக்கிறது, எது கடைசிவரை வாய்க்கு வராமலே போகிறது என்பதை முடிவு செய்வது அந்த அறிவுதான். வைகைத் தண்ணீரை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்துபோனது. அடுத்த கோடையில் வைகை அணையின் நீர்மட்டம் அடிக்குப் போய்விட்டது. மதுரையின் குடிதண்ணீர் அந்த அணையைப் பெரிதும் நம்பியிருந்தது. இருக்கிற கொஞ்சத் தண்ணீரும் வெயிலில் ஆவியாகிப் போகாமல் காப்பது எப்படி என்ற கேள்வி, அதிகாரிகளுக்கும் அமைச்சருக்கும் முன்னால் உண்மையாகவே இருந்தது. 2017 ஏப்ரல் 21 அன்று, அப்போது கூட்டுறவுத் துறை அமைச்சராக இருந்த செல்லூர் ராஜு, அதிகாரிகள் சூழ, பத்திரிகையாளர் முன்னிலையில், செல்லோ டேப்பால் ஒட்டிய தெர்மாகோல் அட்டைகளை அணை நீரில் இறக்கினார். சற்று நேரத்தில் காற்று அடித்தது. அட்டைகள் கரைக்குத் திரும்பி வந்தன. யோசனை தன்னுடையதல்ல, அதிகாரிகள் சொன்னது என்று அவர் பிறகு விளக்கம் சொன்னார். அதற்குள் மீம்கள் மதுரை எல்லையைத் தாண்டிப் போயிருந்தன.

சிரித்தது போதும், கொஞ்சம் தண்ணீரைக் கவனிப்போம். 

ஒரு கிலோ தண்ணீரை, கொதிக்க வைக்காமல், இருக்கிற வெப்பநிலையிலேயே ஆவியாக்குவதற்குச் சுமார் 24.5 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். அந்த வெப்பத்தைத் தண்ணீர் தன்னிடமிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது இதனால்தான்: கசிந்து ஆவியாகும் ஒவ்வொரு துளியும் உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டைச் சுமந்துகொண்டு போகிறது. மதுரைக் கோடையில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு நாளில் விழும் வெயில் ஏறக்குறைய 2 கோடி ஜூல். அது முழுவதும் தண்ணீரை ஆவியாக்கவே செலவானால் 8 லிட்டர் போகும். ஒரு சதுர மீட்டரில் 8 லிட்டர் என்றால் 8 மில்லிமீட்டர் உயரம். கொஞ்சம் வெயில் பட்டுத் திரும்பிவிடும், கொஞ்சம் காற்றைச் சூடாக்கும். மிச்சத்தில் நாளுக்கு 5 முதல் 7 மில்லிமீட்டர்வரை ஏரி இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

மில்லிமீட்டர் என்றதும் நம் மனசு அலட்சியப்படுத்திவிடுகிறது. நாளுக்கு 6 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து தினமும் 60 லட்சம் லிட்டர் போகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 500 நடை. காளவாசல் வழியாகத் தேனி ரோட்டில் தினம் 500 தண்ணீர் லாரி வரிசைகட்டிப் போனால் ஊரே ஸ்தம்பித்துவிடும். அணையின் மேல் அதே 500 லாரித் தண்ணீர் ஒரு சத்தமும் இல்லாமல் மேலே போய்க்கொண்டிருக்கிறது. அது ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு. நிறைந்த வைகை அணை விரியும் பரப்பு 20 சதுர கிலோமீட்டருக்கு மேல்.

வெயில் ஒன்று மட்டும் இதைச் செய்வதில்லை. நீர்ப்பரப்புக்கு மேலே ஈரம் கனத்த மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கும். அது அங்கேயே தேங்கி நின்றால் ஆவியாதல் மந்தமாகும். காற்று வீசி அந்தப் படலத்தைத் தள்ளிவிட்டு, வறண்ட காற்றைக் கொண்டுவந்து வைத்தால் மறுபடி வேகம் பிடிக்கும். ஈரத்துணி நிழலில்கூடக் காற்றடித்தால் காய்ந்துவிடுவது எல்லாருக்கும் தெரியும். ஆக, ஏரியை மூடுகிறவர் வெயிலையும் மறைக்க வேண்டும், காற்றையும் நீரைத் தொடவிடக் கூடாது.

தெர்மாகோல் இரண்டையும் செய்யும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம், ஆனால் செய்யும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். உள்ளே அடைபட்ட காற்றுக் குமிழிகள் சூட்டைக் கீழே விடாது. பரப்பு மூடப்பட்டதால் அட்டைக்கு அடியிலுள்ள நீர் ஆவியாக வழியில்லை. தத்துவத்தில் பிழை இல்லை. கோளாறு எடையில் இருந்தது.

கடையில் கிடைக்கும் ஓர் அங்குலக் கனமுள்ள, ஒரு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலமுள்ள அட்டையை எடுத்துக்கொள்வோம். எடை ஏறக்குறைய 200 கிராம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும் என்ற ஆர்க்கிமிடீசின் கணக்குப்படி, அது தண்ணீருக்குள் அமிழ்வது அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மீதி 25 மில்லிமீட்டரும் நீருக்கு மேலே நிற்கும். தண்ணீர் பிடித்துக்கொள்ள அரை மில்லிமீட்டர், காற்று பிடித்துக்கொள்ள 25 மில்லிமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் சாதாரணக் காற்று, அந்த அட்டையின் நீண்ட விளிம்பில் மோதும்போது சுமார் 90 கிராம் எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். 200 கிராம் அட்டையை, 90 கிராம் தள்ளு. எதிர்ப்புக்கு அடியில் வழுக்கும் தண்ணீர் மட்டும். அது கரைக்கு வந்து சேராமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

இத்தனைக்கும் வைகை அணை இருப்பது காற்றுக்குப் பேர்போன சீமை. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த வட்டாரத்தில், காற்றைக் கணக்கில் சேர்க்காமல் அட்டை விட்டார்கள். 

பரப்பளவின் கணக்கும் இடித்தது. ஒரு சதுர கிலோமீட்டரை மூட இந்த அளவு அட்டை 20 லட்சம் வேண்டும். ஒட்டுவதற்கான டேப்பை எண்ணி நான் உங்கள் பொழுதைக் கெடுக்கவில்லை.

அமைச்சருக்கு ஆதரவாகப் பேசியவர்கள் அப்போது ஒரு வெளிநாட்டு உதாரணத்தைக் காட்டினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகர நீர்த்தேக்கத்தில் 2015 ஆகஸ்டில் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டினார்களே, அமெரிக்காக்காரன் செய்தால் விஞ்ஞானம், நம்மவர் செய்தால் கேலியா என்று. நியாயமான கேள்வி. பதிலும் அந்தப் பந்துக்குள்ளேயே இருக்கிறது. நாலு அங்குல விட்டமுள்ள ஒவ்வொரு பந்துக்குள்ளும் காற்று அடித்துக்கொண்டு போகாதபடி கொஞ்சம் தண்ணீரை ஊற்றி அடைத்திருந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கும் வைகைக்கும் இடையிலான தொழில்நுட்ப தூரம் ஒரு டம்ளர் தண்ணீர்.

அந்தக் கதையில் இன்னும் உண்டு. பந்துகளின் முதல் வேலை ஆவியைத் தடுப்பதே அல்ல. நீரில் இயல்பாக இருக்கும் புரோமைடும் கிருமி கொல்லப் போடும் குளோரினும் வெயில் பட்டால் சேர்ந்து புரோமேட் என்ற பொருளாகின்றன. அது புற்றுநோய் வரவைக்கக் கூடியது. அந்த வெயிலை மறைக்கத்தான் கறுப்புப் பந்து. ஆவி குறைந்தது கூடுதல் லாபம். 2018இல் ஆய்வாளர்கள் சிலர் உட்கார்ந்து வேறொரு கணக்குப் போட்டார்கள். பிளாஸ்டிக் செய்வதற்கும் அதற்கான மின்சாரத்துக்கும் எண்ணெய்க்கும் தண்ணீர் செலவாகிறதே, அது எவ்வளவு? 2017 மார்ச்வரை பந்துகள் மிச்சப்படுத்தியது சுமார் 170 கோடி லிட்டர். அவற்றைச் செய்யச் செலவான தண்ணீர் சுமார் 290 கோடி லிட்டர் என்று விடை வந்தது. நீண்ட காலம் மிதந்தால்தான் கணக்கு நேராகும். ஓரிடத்து வறட்சியைத் தணிக்க வேறோரிடத்துத் தண்ணீரைக் குடிக்கும் ஏற்பாடு அது.

இதைவிட வியப்பான ஒன்று இருக்கிறது. ஷாம்பூவிலும் முகப் பூச்சுகளிலும் சேர்க்கப்படும் செட்டைல் ஆல்கஹால் என்ற மெழுகு போன்ற பொருளைத் தண்ணீரில் போட்டால், அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருக்கி, தலை நீருக்குள்ளும் வால் காற்றிலுமாக நிமிர்ந்து நிற்கும். ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலம். கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. கணக்குப்படி ஒரு ஹெக்டேர் ஏரிக்கு 20 கிராம் போதும். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2 கிலோ. தெர்மாகோல் என்றால் அதே பரப்புக்கு 400 டன். 1950களில் ஆஸ்திரேலியாவில் இதை ஏரிகளில் முயன்றார்கள். இந்தியாவிலும் நீர்த்தேக்கங்களில் சோதித்தார்கள். ஆவியாதல் குறைந்தது, ஆனால் காற்று படலத்தைக் கிழித்துக் கரையில் சேர்த்துவிடுகிறது. மிச்சத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. திரும்பத் திரும்பத் தூவ வேண்டியிருக்கிறது. 400 டன்னையும் தோற்கடித்தது காற்று, 2 கிலோவையும் தோற்கடித்தது காற்று.

நின்றது எது என்றால், கட்டிப்போட்டதுதான். 2022இல் தூத்துக்குடி ஸ்பிக் வளாகத்தில் 25.2 மெகாவாட் மிதக்கும் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. மிதவைகளின் மேல் தகடுகள், மிதவைகளைப் பிடித்துக்கொள்ள நங்கூரம். தகடு வெயிலை மறைக்கிறது, மறைத்த வெயிலை மின்சாரமாக்குகிறது, அடியிலுள்ள நீர் தகட்டைக் குளிர்வித்து உற்பத்தியைக் கொஞ்சம் கூட்டுகிறது. வைகையில் நடந்ததற்கும் இதற்கும் இடையே ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை.

இப்போது தேர்தல் மேடைக்கு வருவோம். 2019இலும் 2021இலும் எத்தனை பேச்சாளர்கள் தெர்மாகோலைப் பற்றிப் பேசினார்கள் என்று எண்ணி முடியாது. சட்டமன்றத்திலேயே அது அடிக்கடி எழுந்த சிரிப்பு. ‘விஞ்ஞானி’ என்ற அடைமொழி ராஜுவுக்கு நிலைத்துவிட்டது. அவரும் ஒரு கட்டத்தில் அதைச் சிரித்தபடியே ஏற்றுக்கொண்டார். எனக்கு உறுத்துவது இதுதான்: சிரித்தவர்களிலும் ஒருவர்கூட மைக்கைப் பிடித்து, நாளுக்கு எத்தனை மில்லிமீட்டர் போகிறது, நான் வந்தால் எதைக் கட்டி நிறுத்துவேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சிரிப்பு அவர்களுக்குச் சுளுவாகக் கிடைத்த பதில். ஒரு வேட்பாளரின் தொழில்நுட்ப அறியாமை அவரை மட்டும் தாழ்த்துவதில்லை, எதிராளியையும் தன் உயரத்துக்கே இறக்கிவிடுகிறது. எதிராளி பாஸாக, கேலி செய்யத் தெரிந்தால் போதும் என்றாகிவிடுகிறது. ஆவியாதல் என்ற விஷயமே கேலிப்பொருளாகிவிட்டதால், அதற்குப் பிறகு நல்ல யோசனையோடு வரும் பொறியாளரும் அந்தச் சொல்லை எடுக்கத் தயங்குவார்.

தெரிந்தவர் பேசினால் மட்டும் விவாதம் தானாக உயர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வர்த்தகப் பற்றாக்குறை, தரவு மையம், செயற்கை நுண்ணறிவு என்று ஒருவர் அடுக்கினால் பொன்மேனியிலும் பெத்தானியாபுரத்திலும் தெருவோரம் நிற்பவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். 2006இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மடிக்கணினி என்று தொழில்நுட்பமே இங்கே தேர்தல் வாக்குறுதியாக வந்திருக்கிறது. அப்போதும் விவாதம் யார் எத்தனை தருவார் என்பதில் ஓடியதே ஒழிய, வகுப்பறையில் அதை வைத்து என்ன கற்பிப்பது என்பதில் ஓடவில்லை.

கேள்வி சரியாக விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. அதுவும் ஓட்டு மெஷின் விஷயத்தில்.

அந்த மெஷினின் வடிவமைப்பை பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மேற்பார்வையிட்டவர் எஸ். ரங்கராஜன், அதாவது நம் எழுத்தாளர் சுஜாதா. 1982இல் கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. பிறகு சட்டமே திருத்தப்பட்டது. தமிழ்நாடு முழுக்க மெஷினில் ஓட்டுப்போட்ட முதல் சட்டமன்றத் தேர்தல் 2001. அதற்கு முன்பே மெஷின் வேண்டாம் என்று அ.தி.மு.க. சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தோற்றது. பிறகு அதே மெஷினில் பெருவெற்றி பெற்றது. தோற்றவர் மெஷினைத் திட்டுவதும் ஜெயித்தவர் மறந்துவிடுவதும் அன்றிலிருந்து எல்லாக் கட்சிக்கும் பொதுவான பழக்கம்.

மேடைகளில் இந்தப் பேச்சு எப்படி ஓடும் என்று நமக்குத் தெரியும். புளூடூத்தில் மாற்றிவிட்டார்கள், செயற்கைக்கோளிலிருந்து திருப்பிவிட்டார்கள், எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒரே சின்னத்தில் விழுகிறது. மெஷினில் கம்பியில்லாத் தொடர்புக்கான பாகமே கிடையாது. அது இணையத்தோடு சேர்வதும் இல்லை. ஆகவே ‘புளூடூத்’ என்று ஆரம்பிக்கும் வேட்பாளருக்குத் தேர்தல் ஆணையம் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போய்விடும். 

ஆனால் 2010இல் ஹரி பிரசாத் என்ற ஹைதராபாத் பொறியாளரும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் இருவரும், ஒரு மெஷின் கைக்குக் கிடைத்தால் உள்ளே என்ன மாற்றலாம் என்று செய்து காட்டினார்கள். திரையை மாற்றி வைக்கலாம், நினைவகத்தில் ஒரு சின்னக் கருவியைச் செருகலாம். அவர்கள் காட்டிய எல்லாவற்றுக்கும் ஒரு நிபந்தனை: மெஷினைக் கையால் தொட்டுத் திறக்க வேண்டும். ஆக அறிவியல் எழுப்பும் கேள்வி, மெஷினை யார் எப்போது தொட்டார், எண்ணிக்கையைச் சரிபார்க்க மெஷினுக்கு வெளியே என்ன சாட்சி இருக்கிறது என்பதுதான்.

வெளியே ஒரு சாட்சி வேண்டும் என்று விடாமல் வழக்காடியவர் சுப்பிரமணியன் சுவாமி. 1998இல் மதுரை மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர். அவருடைய வழக்கில்தான் 2013 அக்டோபர் 8 அன்று, ஒப்புகைச் சீட்டு அவசியம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று பொத்தானை அமுக்கியதும் கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்து விழுகிற அந்தச் சீட்டு, சரியாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியின் பலன். சுவாமியின் மற்ற அரசியலை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடைபோடுங்கள். இந்தக் கேள்வி உருப்படியானது.

இன்னொன்று 2019. சித்திரைத் திருவிழாவும் தேர்தலும் ஒரே நாளில் வந்து, மதுரையில் மட்டும் இரவு 8 மணிவரை ஓட்டுப்பதிவு நீண்ட ஏப்ரல் 18. மெஷின்கள் மதுரை மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு நாள் கழித்து, அனுமதியில்லாத ஒரு பெண் வட்டாட்சியர் அந்த மையத்துக்குள் நுழைந்து சில மணி நேரம் இருந்தது தெரியவந்தது. அது மெஷின்கள் இருந்த அறை அல்ல, ஆவணங்கள் இருந்த அறை என்றது நிர்வாகம். மார்க்சிஸ்ட் கட்சியின் வேட்பாளர், எழுத்தாளர் சு. வெங்கடேசன் அதோடு விடவில்லை. யார் நுழைந்தார், யார் சொல்லி நுழைந்தார், எந்த ஆவணத்தைத் தொட்டார் என்று கேட்டு உயர் நீதிமன்றம்வரை கொண்டுபோனார். சில நாட்களுக்குள் ஊழியர்கள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். நீதிமன்ற உத்தரவால் ஆட்சியரே மாற்றப்பட்டார். பிறகு ஓட்டு எண்ணியபோது வெங்கடேசன்தான் ஜெயித்தார். அங்கே புளூடூத் என்று ஒரு சொல் கிளம்பியிருந்தால் கதை வேறு திசையில் போய் நகைச்சுவையாக முடிந்திருக்கும்.

ஆவண அறை ஏன் முக்கியம் என்றால், மெஷினுக்கு வெளியேயுள்ள இன்னொரு சாட்சி காகிதம்தான். காலையில் பூத் திறக்கும் முன் ஏஜென்டுகளின் கண்முன்னே குறைந்தது 50 மாதிரி ஓட்டுகள் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, முத்திரையிடுவார்கள். ஏஜென்டுகளும் கையெழுத்துப் போடுவார்கள். மாலையில் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று 17-சி படிவத்தில் எழுதி, ஏஜென்டுக்கு ஒரு பிரதி தருவார்கள். எண்ணும் நாளில் மெஷின் காட்டும் மொத்தம் அந்தக் காகிதத்தோடு ஒத்துப்போக வேண்டும். இந்த ஒரு தாளின் மதிப்பு தெரிந்த வேட்பாளர், தன் ஏஜென்டுகளுக்கு முன்கூட்டியே பாடம் எடுத்து வைப்பார். தெரியாதவரின் ஏஜென்ட் பிரியாணிப் பொட்டலத்தோடு ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டு, முடிவு வந்த பிறகு மெஷினைத் திட்டுவார்.

வைகைக்கு இப்படியொரு சாட்சி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அதன் பெயர் வண்டல். 1959இல் திறந்த அணையில் அறுபது ஆண்டுக்கு மேலாக மண் படிந்துகொண்டிருக்கிறது. மண் ஏறி ஆழம் குறைந்தால், அதே அளவு தண்ணீர் முன்பைவிட அகலமாகப் பரந்து நிற்கும். பரப்பு கூடினால் ஆவியாதலும் கூடும். மாடக்குளம் கண்மாயை நம்பி விவசாயம் செய்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி: மேடுதட்டிய கண்மாய்த் தண்ணீர் சித்திரை வருமுன்னே காணாமல் போய்விடும். ஆக தெர்மாகோல் விட்டவரும் சிரித்தவரும் மேற்பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடையில் ஒரு பெரிய பங்கு அடியில் கிடந்தது.

‘வைகையைத் தூர்வாருவோம்’ என்பது எந்தக் கட்சிக்கும் கூசாமல் வரும் வாக்குறுதி. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு மில்லியன் கன அடி மண் என்பது 28,300 கன மீட்டர். 10 கன மீட்டர் கொள்ளும் டிப்பர் லாரியில் 2,830 நடை. அணையின் கொள்ளளவு 6,000 மில்லியன் கன அடிக்கு மேல். அதில் பத்தில் ஒரு பங்கு மண் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் 17 லட்சம் நடை. தினம் 500 லாரி, ஒரு நாள் விடாமல் ஓடினால் ஒன்பது வருஷத்துக்கு மேல், ஏறக்குறைய இரண்டு சட்டமன்றக் காலம். முடியாது என்று சொல்ல வரவில்லை. செங்கல் சூளைக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அள்ளுவது என்று பிரித்துத் திட்டம் போட்டால் முடியும்.

அடுத்த முறை உங்கள் தெருமுனையில் ஜீப் வந்து நின்று, வேட்பாளர் கும்பிட்டுவிட்டுத் தூர்வாருவேன் என்றால், மாலையைப் போட்டுவிட்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை லாரி, மண்ணை எங்கே கொட்டுவீர்கள்? பதில் தெரியாவிட்டால் பாதகமில்லை. விசாரித்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். அவருடைய எதிராளி வரும்போதும் இதையே கேளுங்கள்.